யாரும் கைதட்டாத இடத்தில்

நாடகம் நன்றாகத்தான் போனது. ஒரு பையன் பேனாவைச் சிகரெட் மாதிரி நீட்டினான். எதிரே நின்றவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “வேண்டாம். எனக்கு என் உடல்நலம் முக்கியம்” என்று நான் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்த ஜோடியைக் கூப்பிடலாம் என்று கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த 15 வயதுக்காரன் ஒருவன் கையைத் தூக்காமலே சொன்னான்: “நிஜத்துல யாரும் கைதட்ட மாட்டாங்க அக்கா. சிரிப்பாங்க.”

அறையே சிரித்தது. அவன் சொன்னது அங்கேயே மெய்யாகிவிட்டது என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குச் சுருக்கென்றது. “சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், அதையெல்லாம் கண்டுக்கக் கூடாது” என்று பெரியவர்கள் எப்போதும் கைவசம் வைத்திருக்கும் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வரி என்னை விடவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து அந்தப் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு சொல். அதைச் சொன்ன அடுத்த நொடியில் ஒரு பிள்ளை எங்கே நிற்கும், முகத்தை எப்படி வைத்துக்கொள்ளும், கையை என்ன செய்யும், மறுநாள் அதே கூட்டத்தை எப்படிப் பார்க்கும் என்பதைப் பற்றி என்னிடம் ஒன்றுமே இல்லை.

நான் ஆசிரியை இல்லை, மனநல நிபுணரும் இல்லை. 14 முதல் 16 வயது வரையுள்ள 22 பிள்ளைகளோடு வாரம் ஒரு நாள் உட்கார ஒப்புக்கொண்ட தன்னார்வலர், அவ்வளவுதான். புகை, வேப் என்கிற மின்சிகரெட், மது, குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறுவது, அந்தரங்கப் படம் அனுப்புவது, ஆன்லைன் பந்தயம் என்று பட்டியல் கொடுத்திருந்தார்கள். “விவாதம், ரோல் பிளே, குழு விளையாட்டு மாதிரி ஏதாவது செய்யுங்க, லெக்சர் மட்டும் வேண்டாம்” என்றும் சொல்லியிருந்தார்கள். குழுவாக உட்கார வைத்தாலே லெக்சர் விளையாட்டாகிவிடும் என்று நானும் நம்பினேன். வட்டமாக நாற்காலி போட்டு அதே அறிவுரையைச் சொன்னால் அது வட்டமான அறிவுரை என்பது தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

பயம் காட்டிய நாட்கள்

ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போலப் பயத்தைத்தான் கையில் எடுத்தேன். கறுத்துப்போன நுரையீரல் படம், நசுங்கிய வண்டி, அழும் தாய். பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள். ஆஹா, வேலை செய்கிறது என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் ஒருவன் வந்து அந்த நுரையீரல் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். எதற்கு என்றால், வால்பேப்பராக வைக்கவாம்.

என் அனுபவம் அற்பம். இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்களின் கதை அதைவிட மோசம். அமெரிக்காவில் 1970களில் ‘ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்’ என்று ஒரு முறை பிரபலமானது. வழி தவறக்கூடும் என்று தோன்றும் பையன்களைச் சிறைக்குள் அழைத்துப் போய், ஆயுள் கைதிகளை விட்டு உறுமச் சொல்வது. பார்ப்பதற்குப் பிரமாதமாக இருந்தது, ஆவணப்படம்கூட வந்தது. பிறகு, பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய் வந்தவர்கள்தான் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அதுவே மேல். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘டேர்’ திட்டம் இவ்வளவு கெடுதல் செய்யவில்லை. சீருடை அணிந்த போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து போதைப்பொருளை மறுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, பெற்றோருக்கு அதைவிடப் பிடித்திருந்தது. 1990களில் வந்த ஆய்வுகள் எவ்வளவு தேடியும், பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் தட்டுப்படவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, உண்மையைச் சொன்னால். நான் மட்டும் தோற்கவில்லை. ஆனால் அடுத்து படித்தது தூக்கத்தைக் கெடுத்தது.

சிரிப்பு என்ற கூலி

தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் ஓரிகனில் 13, 14 வயதுப் பையன்களை நண்பனோடு உட்கார வைத்து, அவர்கள் பேசுவதை வீடியோ எடுத்தார்கள். பேச்சின் உள்ளடக்கத்தைவிட, எந்தப் பேச்சுக்குச் சிரிப்பு விழுகிறது என்பதைத்தான் அவர்கள் உன்னிப்பாகப் பார்த்தார்கள். சில ஜோடிகளில் விதியை மீறிய கதைகளுக்கு மட்டும் சிரிப்பு கிடைத்தது. ஒருவன் சொல்வான், மற்றவன் சிரிப்பான், உடனே அதைவிடப் பெரிதாக இன்னொன்று வரும். அப்படிச் சிரித்துக்கொண்ட ஜோடிகளில் அடுத்த சில ஆண்டுகளில் போதையும் வம்பும் கூடுதலாக இருந்தன. சிரிப்பு அங்கே கூலி மாதிரி. யாரும் திட்டமிட்டுக் கொடுப்பதில்லை, ஆனால் வாங்கியவன் மறுபடி வேலைக்கு வருகிறான்.

இதே ஆட்கள் 1999இல் இன்னொன்றையும் எழுதினார்கள்: வழுக்கக்கூடிய பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து நல்லது சொல்லும் குழுக்களே சில சமயம் கெடுதல் செய்கின்றன. பழைய உதாரணம் ஒன்றும் காட்டினார்கள். மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய ஒரு நீண்ட திட்டத்தில் பையன்களுக்கு வழிகாட்டிகள், மருத்துவ உதவி, முகாம்கள் என்று எல்லாமே கொடுத்தார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். பலரும் “எனக்கு உதவியாக இருந்தது” என்றே சொன்னார்கள். கணக்கு வேறு மாதிரி இருந்தது. உதவி பெற்றவர்கள் பல விஷயங்களில் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள், அதிலும் கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் போனவர்கள்.

என் அறையை நினைத்துப் பார்த்தேன். ‘ஒப்புக்கொள்பவர்கள் இந்தப் பக்கம், மறுப்பவர்கள் அந்தப் பக்கம்’ என்று கோடு கிழித்து நிற்கவைக்கும் விளையாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். முந்தின மாதம் “வேப் பிடிப்பதில் பெரிய ஆபத்து இல்லை” என்ற வாக்கியத்தைப் படித்தேன். எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஒருவன் ஒய்யாரமாக ‘ஆமாம்’ பக்கம் நடந்தான். அவன் பின்னாலேயே ஒன்பது பேர் நடந்தார்கள். போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போன இரண்டு பேரை நான் கவனித்தேன், ஆனால் கவனித்ததோடு சரி. அந்த நாள் நான் நடத்தியது விழிப்புணர்வு வகுப்பு இல்லை. யார் பின்னால் போக வேண்டும் என்பதற்கான ஒத்திகை.

கூட்டமே வேண்டாம், தனித்தனியாகப் பேசலாம் என்று ஒரு வாரம் யோசித்தேன். அதுவும் நிற்கவில்லை. 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் வெளியிட்ட சோதனை ஒன்றில் 306 பேர் கார் ஓட்டும் வீடியோ கேம் விளையாடினார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் இன்னும் எவ்வளவு தூரம் ஓட்டுவது என்பதுதான் ஆட்டம். தனியாக ஓட்டும்போது 13 முதல் 16 வயதுக்காரர்கள் பெரியவர்களிடமிருந்து அவ்வளவாக வேறுபடவில்லை. சகாக்கள் பக்கத்தில் இருந்தபோது ஆபத்தை விலைக்கு வாங்குவதில் எங்கேயோ போய்விட்டார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அப்படியென்றால் தனியறையில் என்னிடம் “நான் ஏற மாட்டேன் அக்கா” என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அது வேறொரு அறையில் இருக்கும் வேறொரு பிள்ளை. தப்பு நடக்கப்போவது கூட்டத்தில் என்றால் பழக வேண்டியதும் கூட்டத்தில்தானே? நீச்சலைக் கரையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது.

சார்ஜர்

அடுத்த வாரம் சுவரோரப் பையனிடமே போனேன். “நீ சொன்ன மாதிரியே செஞ்சு பாக்கலாம். இன்னைக்கு யாரும் கைதட்டக் கூடாது. சிரிக்கணும். நிஜத்துல எப்படிச் சிரிப்பாங்களோ அப்படி.” அவன் நம்பாமல் பார்த்தான். இன்னொரு பெண்ணிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்தேன். காட்சி இதுதான்: இரவு, ஒரு கொண்டாட்டம் முடிகிறது, குடித்திருக்கும் நண்பன் வண்டிச் சாவியைச் சுழற்றுகிறான், “ஏறு” என்கிறான். ஒருவன் மறுக்க வேண்டும். மற்ற நால்வரும் அவனை விடக் கூடாது.

வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. “அம்மாவுக்கு போன் பண்ணிக் கேளுடா” என்பதில் தொடங்கி அந்த நால்வர் பேசியது எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. மறுத்தவன் முதல் முறை மூன்று நொடி தாங்கினான். நான்காவது நொடியில் தானும் சிரித்தபடி வண்டியில் ஏறிவிட்டான், அதாவது நாற்காலியில். அறை அமைதியானது. அவனே திரும்பிப் பார்த்து, “நான் நிஜமாவே ஏறிட்டேன்” என்றான். அது விளையாட்டு என்று தெரிந்தும் காது சிவந்திருந்தது.

திரும்பத் திரும்பச் செய்தோம். மறுத்துவிட்டுச் சும்மா நிற்க மட்டும் செய், எதுவும் பேசாதே என்று ஒரு சுற்று. சிரிப்பு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அந்தப் பெண் எண்ணினாள். மறுப்பவன் பதில் சொன்னால் அது புது விறகு, சிரிப்பு தொடர்ந்தது. பேசாமல் நின்றால் ஒரு தடவைகூடப் பத்து நொடியைத் தாண்டவில்லை. நின்றவர்களைக் கேட்டால் “ஒரு நிமிஷம் இருக்கும்” என்றார்கள். இந்த வித்தியாசமே அவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஸ்டாப்வாட்சைப் பிடுங்கிச் சரிபார்த்தார்கள்.

ஆனாலும் பாதிப் பேர் தாங்கவில்லை. அப்போதுதான் ‘நிறுத்து’ என்ற விதியைக் கொண்டுவந்தேன். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய மன்ற நாடகத்திலிருந்து எடுத்தது. பார்த்துக்கொண்டிருப்பவர் யாரும் நடுவில் நிறுத்தச் சொல்லி, தானே மேடைக்கு வந்து காட்சியை வேறு திசையில் திருப்பலாம். மறுப்பவனின் இடத்தைத்தான் எல்லாரும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுதானே கதாநாயகன் வேடம்.

வாரக்கணக்கில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். மறுப்பவனின் இடத்துக்குப் போகவில்லை. சிரித்துக்கொண்டிருந்த நால்வரில் ஒருத்தியைத் தொட்டு, “நீ உட்காரு, நான் நிக்கிறேன்” என்றாள். காட்சி மறுபடி தொடங்கியது. “ஏறுடா”, சிரிப்பு, “பயந்தாங்கொள்ளி”, சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. ஆறாவது நொடியில் மறுப்பவனைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்: “டேய், என் சார்ஜர் உன் பையிலதானே இருக்கு? உள்ள வந்து எடுத்துத் தா.”

அவ்வளவுதான். அவன் திரும்பினான், இருவரும் நடந்து போனார்கள். சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “அக்கா, இப்போ நான் என்ன பண்றது?” அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எதிர்ப்பு இருந்தால் சமாளித்திருப்பான். சார்ஜரோடு எப்படிச் சண்டை போடுவது?

இவ்வளவு நாளும் தப்பான ஆளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. மறுக்க வேண்டியவனையே பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தைரியமாக இரு, நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துச் சொல் என்று பாரம் முழுவதையும் அந்த ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு, சுற்றி நிற்கும் நால்வரையும் மரம் மட்டையாக விட்டுவிட்டோம். ஆனால் வாழ்க்கையில் ஒரு பிள்ளை மறுப்பவனாக நிற்பது எப்போதாவதுதான். சுற்றி நிற்பவர்களில் ஒருவராக இருப்பது ஏறக்குறைய தினமும்.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த கோட்டுச் சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். கண்ணுக்கு நேரே தெரியும் கோட்டின் நீளத்தை மற்ற எல்லாரும் தப்பாகச் சொன்னால் தனியாள் என்ன செய்வான்? கூட்டம் தப்பு சொன்ன சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் தானும் தப்பாகவே சொல்கிறான். மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆஷ் நிறுத்தவில்லை. சரியான விடையைச் சொல்ல ஒரே ஒரு துணையைச் சேர்த்துப் பார்த்தார். தப்புகள் நான்கில் ஒரு பங்காக விழுந்தன. அந்தத் துணை சரியான விடையைச் சொல்லத்தான் வேண்டும் என்றுகூட இல்லை. கூட்டத்திலிருந்து விலகி வேறொரு தப்பான விடையைச் சொன்னாலும் தப்புகள் குறைந்தன. சார்ஜர் என்பது அந்த ‘வேறொரு விடை’. அதில் அறிவுரை இல்லை, அறமும் இல்லை. கூட்டத்தின் ஒற்றைக் குரலில் சின்ன ஓட்டை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டாவது குரலை மட்டுமே பழகினோம். வழிகளைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பொய் போன் அழைப்பு, திடீர் வயிற்றுவலி, “நானும் வரல, தூக்கம் வருது”, சாவியைக் கேட்டு வாங்கி ‘தொலைத்துவிடுவது’. இதில் சில எனக்குப் பிடிக்கவில்லை, பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. பிறகு விட்டுவிட்டேன். குடித்தவன் பின்னால் உட்காருவதைவிட வயிற்றுவலிப் பொய் மேல் என்று எந்தத் தராசும் சொல்லும்.

சீட்டுகள்

ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. சார்ஜர் கேட்பது இவ்வளவு எளிது என்றால் ஏன் யாரும் கேட்பதில்லை? ‘ஆமாம்’ பக்கம், ‘இல்லை’ பக்கம் என்று நிற்கவைக்கும் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சீட்டுக்கு மாறினேன். பெயர் போடாமல் இரண்டு பதில். ஒன்று, குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏற உனக்கு மனம் ஒப்புமா? இரண்டு, இந்த அறையில் எத்தனை பேருக்கு ஒப்பும் என்று நினைக்கிறாய்? சீட்டுகளைப் பிள்ளைகளே பிரித்துப் பலகையில் எழுதினார்கள். முதல் கேள்விக்கு ‘ஒப்பும்’ என்றவை மூன்றே சீட்டுகள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலானோர் எழுதியிருந்தது பத்துக்கு மேல். பலகையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்போ எல்லாரும் நடிக்கிறோமா?” என்றாள் ஸ்டாப்வாட்ச் பெண்.

இதுவும் புதிதில்லை. பிரின்ஸ்டனில் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் 1993இல் மாணவர்களின் குடியைப் பற்றி ஆராய்ந்து இதையேதான் எழுதினார்கள். எனக்குத்தான் இது சங்கடம், மற்ற எல்லாருக்கும் சகஜம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் படித்துச் சொல்வதைவிட அந்தப் பலகையைப் பார்ப்பது வேறு. நான் வாயே திறக்கவில்லை, திறந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

யாரை முன்னால் நிறுத்துவது என்பதிலும் நான் தப்புச் செய்திருந்தேன். பெரியவர்கள் சொல் கேட்கும் பிள்ளைகளைத்தான் குழுத் தலைவர்களாகப் போட்டிருந்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் நடந்த ‘அசிஸ்ட்’ சோதனையில் (2008இல் முடிவு வந்தது) வேறு மாதிரி செய்தார்கள். நீங்கள் யார் சொல்வதைக் கேட்பீர்கள் என்று 12, 13 வயது மாணவர்களையே கேட்டு, அவர்கள் காட்டியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வகுப்பெடுக்க விடாமல் சும்மா பேச்சுவாக்கில் புகைப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இப்படிச் செய்த பள்ளிகளில் புகைப்பழக்கம் மற்ற பள்ளிகளைவிடக் குறைவாக இருந்தது, அந்த வித்தியாசம் இரண்டு ஆண்டு கழித்தும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நானும் கேட்டேன். என் பிள்ளைகள் காட்டிய முதல் பெயர், ‘ஆமாம்’ பக்கம் ஒய்யாரமாக நடந்தானே, அவன். இரண்டாவது பெயர் சார்ஜர் பெண். எனக்கு வியப்பு, அவளுக்கும்.

இதற்கு நடுவில் ஒரு அட்டைப்பெட்டியும் வைத்தோம், பெயரில்லாக் கேள்விகளுக்கு. முதல் வாரம் கிண்டல் கேள்விகள். மூன்றாவது வாரம் ஒன்று வந்தது: “படம் அனுப்பிட்டேன். இப்போ அவங்க எல்லாருக்கும் அனுப்புவேன்னு சொல்றாங்க. என்ன பண்றது?” இந்த இடத்தில் ‘ஏன் அனுப்பினாய்’ என்று கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. யாருடையது என்று தேடாமல் எல்லாருக்கும் பொதுவாகவே பதில் சொன்னேன். கேட்பதைக் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காதே, அதுதான் சாட்சி. நம்பும் ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல். 18 வயதுக்குக் கீழே எடுத்த படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, உன் கருவியிலேயே அந்தப் படத்துக்கென்று கைரேகை மாதிரி ஒரு எண்முத்திரை உருவாகி, அந்த எண் மட்டும் போகும். அதை வைத்து இந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைத் தேடி நீக்க முடியும். அடுத்த வாரம் அதே கையெழுத்தில் ஒரு சீட்டு: “சொல்லிட்டேன்.” யாரிடம், என்ன ஆயிற்று, எதுவும் எனக்குத் தெரியாது.

ஒரு அப்பா மட்டும் என் மேல் கோபமாக வந்தார். குடித்து மயங்கியவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்தபடி அவசர உதவியைக் கூப்பிடப் பழக்கியிருந்தோம். “தூங்கினா சரியாயிடும்” என்று தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்றும் சொல்லியிருந்தோம். “குடிக்கவே கூடாதுன்னு சொல்ல வேண்டிய இடத்துல இதைச் சொல்லித் தர்றீங்களே” என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. “உங்க பையன் குடிக்காமலே இருக்கலாம் சார், பக்கத்துல இருக்கிறவன் மயங்கினா?” என்றேன். பதில் சொல்லாமல் போனார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை, பையனை நிறுத்தவில்லை.

போன மாதம் சுவரோரப் பையனைப் பார்த்தேன். இப்போது 17. மீசை வந்துவிட்டது, குரலும் மாறிவிட்டது. சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டேன், அதெல்லாம் எங்கேயாவது உதவியதா என்று.

“ஒரு தடவ ட்ரை பண்ணேன் அக்கா.”

“என்ன ஆச்சு?”

“சிரிச்சாங்க.”

“எவ்வளவு நேரம்?”

யோசித்தான். “எண்ணல. அதுக்குள்ள இன்னொருத்தனும் கிளம்பிட்டான்.”